ஐந்து நாள் பால்

காலை 10.20. மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

உள்ளே ஐந்து பேர். கைக்குழந்தையைச் சேர்த்தால் ஆறு. சப்-இன்ஸ்பெக்டரம்மா வயிற்றில் இருப்பதையும் சேர்த்தால் ஏழு என்று லிஃப்ட்காரர் கணக்குச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

சப்-இன்ஸ்பெக்டருக்கு எட்டாம் மாதம். ஸ்டேஷனில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். இன்று எந்த வழக்குக்காகவும் அவள் வரவில்லை. இந்தப் பிரசவ ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளுக்கு வாரம் ஒரு வகுப்பு உண்டு. குழந்தைக்குத் துணி மாற்றுவதைப் பற்றி நர்ஸ் அரைமணி நேரம் படம் காட்டி விளக்கியதில் குமட்டிக்கொண்டு வர, பாதியில் நழுவியிருந்தாள். அவசரமாக பாத்ரூம் வேறு போகவேண்டியிருந்தது.

லிஃப்ட்டுக்குள் இருந்த போன் அடித்தது. எடுத்துக் கேட்ட லிஃப்ட்காரரின் முகம் மாறியது.

"கரண்ட் போகலைங்க. வேணும்னேதான் நிறுத்தியிருக்காங்க. மூணாவது மாடியில ஒரு குழந்தையைக் காணோமாம். அப்படி ஆச்சுன்னா இங்க முதல்ல கேட்டைப் பூட்டுவாங்க, அடுத்தது லிஃப்ட்டை நிறுத்துவாங்க."

சப்-இன்ஸ்பெக்டர் போனைப் பிடுங்கினாள். "என்ன குழந்தை?"

"பொண்ணு மேடம்." மறுமுனையில் ஒரு நர்ஸ் அழுதுகொண்டிருந்தாள். "விடியக்காலைல ஆபரேஷன்ல பிறந்தது. அம்மாவுக்கு இன்னும் மயக்கமே தெளியல, முகத்தைக்கூடப் பார்க்கல. தொட்டிலை வராந்தாவுல விட்டுட்டு ஒரு நிமிஷம்தான் திரும்பினேன்."

போனை வைத்ததும் எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். பார்க்காமல் இருக்க இடமில்லை. மின்விசிறியும் நின்றுவிட்டது. நாலாபுறமும் தகரம்.

"ஏன் எல்லாரும் என் வண்டியையே பார்க்கறீங்க?" என்றார் சலவைக்காரர். வண்டி நிறைய வெளுத்து மடித்த விரிப்புகள். கேட்பதற்கு முன்பே ஒவ்வொன்றாக எடுத்து உதறினார். "பாத்துக்குங்க. இதுல ஒரு மூட்டைப்பூச்சிகூடக் கிடையாது."

மிச்சம் இருந்தது சக்கர நாற்காலி. அதில் ஒரு இளம்பெண், மடியில் குழந்தை. பின்னால் அவள் கணவன்.

"உங்களுது?"

"பொண்ணுதான்" என்றான் கணவன். "பிறந்து அஞ்சு நாளாச்சு. இன்னிக்கு டிஸ்சார்ஜ்."

"கையில பட்டை கட்டியிருப்பாங்களே?"

"வீட்டுக்குப் போறோம்னு வெட்டிட்டாங்க."

பதில் சூடாகத் தயாராக இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தில் திருட்டுக் களை துளியும் இல்லை. பூரிப்புதான் வழிந்தது.

"பிரசவத்துல எனக்கு வலிப்பு வந்துடுச்சு அக்கா. என்னை எழுந்திருக்கவே விடல. இவளைக் கண்ணாடிப் பெட்டியில வெச்சுட்டாங்க. தூக்கிட்டுப் போகும்போது ஒரே ஒரு தடவை பார்த்தேன், அணில் குஞ்சாட்டம் இருந்தா. அஞ்சே நாள்ல எப்படித் தேறிட்டா பாருங்க! நான் பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்துல குடுப்பேன். இவருதான் மாடிக்கு எடுத்துட்டுப் போவாரு. சொட்டு விடாம குடிச்சுடுவாளாம்."

கணவன் கதவுக்கு மேலே அணைந்து கிடந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

10.35. குழந்தை வீறிட்டது. அடுத்த நொடி இளம்பெண்ணின் ரவிக்கை இரண்டு வட்டமாக நனைந்தது.

சப்-இன்ஸ்பெக்டருக்கு வெட்கமாகிவிட்டது. வகுப்பில் இதையும் சொல்லியிருந்தார்கள். பெற்றவள் காதில் அழுகை விழுந்தாலே பால் இறங்கிவிடும். இதை நடிக்க முடியாது.

"மன்னிச்சுக்கம்மா, தப்பா நெனச்சுட்டேன். பாலைக் குடு. ஆம்பளைங்க எல்லாம் சுவரைப் பாருங்க."

"முதல்ல துணியை மாத்தணும் அக்கா. ஈரமா இருக்கு."

சலவைக்காரர் திரும்பாமலே ஒரு விரிப்பைக் கிழித்து நீட்டினார். சப்-இன்ஸ்பெக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரமப்பட்டுக் குனிந்தாள். பொத்த வேண்டியிருக்கவில்லை. வாடையே இல்லை. கருகருவென்று, பசை போல ஒட்டிக்கொண்டு வந்தது. "என்னம்மா இது, தார் மாதிரி ஒட்டுது?" என்றாள்.

"அந்தத் தார் மட்டும் என்ன சோப்பு போட்டாலும் போகாதுங்க" என்றார் சலவைக்காரர் சுவரைப் பார்த்தபடி.

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் குழந்தையின் தொப்புளைப் பார்த்தாள். பிறகு கணவனை.

"கடைசியா எப்போ பால் குடுத்தீங்க?"

"காலைல."

"நேத்து?"

"நேத்தும்தான்."

"முந்தாநாள்?"

"தினமும்தான் மேடம். ஏன் கேக்கறீங்க?"

"அப்ப அந்தப் பாலெல்லாம் எங்கே போச்சு?"

அவன் மறுபடி கதவுக்கு மேலே அணைந்து கிடந்த எண்களைப் பார்த்தான்.

"அம்மா வயித்துக்குள்ள இருக்கும்போது குழந்தை முழுங்கினதெல்லாம் குடல்ல தங்கியிருக்கும். பிறந்ததும் முதல் ரெண்டு நாள் அதுதான் வெளிய வரும். கருப்பா, பசையா, வாடையில்லாம. பால் உள்ள போகப் போகப் பச்சையாகும், அப்புறம் மஞ்சளாகும். அஞ்சு நாளா சொட்டு விடாம பால் குடிச்ச குழந்தைக்கு இந்த நிறம் வராது. தொப்புள்கொடியும் இந்நேரம் காய்ஞ்சு கருத்துச் சுருங்கியிருக்கணும். இது இன்னும் ஈரமா இருக்கு. இந்தக் குழந்தை இன்னிக்குப் பிறந்தது."

"இவ என் பொண்ணு அக்கா" என்றாள் இளம்பெண். "எனக்குப் பால் வருதே!"

"வருதும்மா. நீ பெத்தது நிஜம். பால் குடுத்தனுப்பினதும் நிஜம். அதனாலதான் நானே ஏமாந்தேன். ஆனா இது நீ பெத்தது இல்ல. அது உனக்குத் தெரியாது. தெரிஞ்சவர் உன் பின்னாடி நிக்கறார்."

ஓட இடமிருந்தால் ஓடியிருப்பான். முதுகு தகரத்தில் உரச, அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"எங்க குழந்தை ரெண்டாம் நாளே போயிடுச்சு." யாரையும் பார்க்காமல் பேசினான். "இவளுக்கு இப்ப சொல்லாதீங்க, மறுபடி வலிப்பு வந்தா தாங்கமாட்டான்னு டாக்டர் சொன்னாரு. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். மறுநாள் இவ கிண்ணத்தை நீட்டினா. வாங்கிட்டேன். மறுபடியும் நீட்டினா. படிக்கட்டுக்கிட்ட ஒரு வாஷ்பேசின் இருக்கு, அதுல... இன்னிக்குப் பிள்ளையோடதான் வீட்டுக்குப் போவேன்னுட்டா. என்ன பண்றதுன்னு தெரியாம மேல போய் நின்னுட்டு, மூணாவது மாடிக்கு இறங்கி வந்தேன். வராந்தாவுல தொட்டில் இருந்துச்சு."

யாரும் அவனைத் திட்டவில்லை. லிஃப்ட்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சப்-இன்ஸ்பெக்டருக்குப் பயமாக இருந்தது. எத்தனையோ பிணங்களைப் பார்த்தவள்தான், ஆனால் இப்படிப் பயந்ததில்லை. கை தானாக வயிற்றுக்குப் போனது.

இளம்பெண் மடியிலிருந்த குழந்தையின் துணியைச் சரிசெய்தாள். பிறகு கேட்டாள்.

"ஒரு வாயாவது குடிச்சாளா?"

"முதல் நாள் ரெண்டு ஸ்பூன். நான்தான் குடுத்தேன். சப்புக்கொட்டினா."

சப்-இன்ஸ்பெக்டர் போனை எடுத்தாள். "குழந்தை எங்ககிட்ட இருக்கு. நல்லா இருக்கு. லிஃப்ட்டைப் போடுங்க."

மடியிலிருந்தது மறுபடி பசியில் கத்தியது. ரவிக்கையின் ஈரம் இடுப்பு வரை இறங்கியது.

"கதவு திறக்கற வரைக்கும் வேணும்னா குடும்மா. நான் எதுவும் சொல்லமாட்டேன்."

இளம்பெண் ரவிக்கைக் கொக்கியில் கை வைத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

"வேண்டாம் அக்கா. அவங்க கண்ணு முழிக்கட்டும். முதல் பால் அவங்களே குடுக்கட்டும்."

10.52. லிஃப்ட் கீழே இறங்கிக் கதவு திறந்தது. அவளே குழந்தையைத் தூக்கி நர்ஸின் கையில் கொடுத்தாள். தலையைத் தாங்கிப் பிடிக்கச் சொன்னாள். அழுகை வராந்தாவில் தேய்ந்துகொண்டே போனது. சலவைக்காரர் ஒரு விரிப்பை எடுத்து அவள் தோளைச் சுற்றிப் போர்த்திவிட்டார்.

சப்-இன்ஸ்பெக்டர் கணவனின் மணிக்கட்டைப் பிடிக்கப் போனாள்.

"ஒரு நிமிஷம் அக்கா." இளம்பெண் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டினாள். "அந்த ஸ்பூன் எங்க?"

அவன் சட்டைப்பைக்குள் கையை விட்டான்.