அவனை உயிரோடு வைத்திருந்தவள்

பகல் பதினொரு மணிக்கு அவள் ஆற்றுக்கு அக்கரையிலிருந்த பல்கலைக்கழக விடுதிக்கு வந்து சேர்ந்தாள். பழைய கல் கட்டடம். வராந்தா முழுக்க ஈரக் காலணி நாற்றம். அவள் கோட்டில் இருந்த இக்கரைப் பல்கலைக்கழக முத்திரையைப் பார்த்ததும் வார்டன் முகத்தைச் சுளித்தார். படகுப் போட்டி, விவாதப் போட்டி என்று இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் காலங்காலமாக ஏழாம் பொருத்தம்.

"அந்தப் பையன் ரூமா? மாடியில கடைசி. கதவு திறந்துதான் இருக்கு," என்றார்.

ஏன் திறந்திருக்கிறது என்று அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நாற்பது நாளாக அவளுக்கு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

விஷயம் இதுதான். துறைமுகம் அவள் குடும்பத்தின் கையில், லாரிகள் அவன் குடும்பத்தின் கையில். திருட்டுச் சரக்கை இறக்குவது இவர்கள், ஓட்டுவது அவர்கள், நடுவில் விழுந்த பிணங்கள் இரண்டு பக்கமும் சமம். அடுத்த தலைமுறையாவது கௌரவமாக இருக்கட்டும் என்று இரண்டு வீட்டுக்கும் ஒரே நேரத்தில் ஆசை வந்து, பிள்ளைகளை ஆளுக்கொரு பெரிய பல்கலைக்கழகத்தில் சேர்த்தார்கள். கௌரவம் வந்ததோ இல்லையோ, விவாதப் போட்டியில் அவள் எதிரே அவன் வந்து உட்கார்ந்தான். எதற்கெடுத்தாலும் வாதம் செய்வதால் அவனுக்கு 'வக்கீல்' என்றே பெயர். அவளைத் தோற்கடித்துவிட்டு வெளியே வந்து மன்னிப்புக் கேட்டான், பைத்தியக்காரன். அதில்தான் அவள் விழுந்தாள்.

இரண்டு வருஷம் யாருக்கும் தெரியாது. தெரிந்த அன்றே அவள் அண்ணன் அவனை ஆற்றில் வைத்து முடித்துவிட்டான்.

அவள் வீட்டுத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முடித்த ஆளின் செல்போனை நாற்பது நாள் உயிரோடு வைத்திருப்பார்கள். அம்மா, நண்பன் என்று எல்லாருக்கும் அதிலிருந்து பதில் போகும். நாற்பதாம் நாள், 'வெளிநாடு போறேன், தேடாதீங்க' என்று ஒரு கடைசிச் செய்தி. தானாகப் போனவனை யார் தேடப்போகிறார்கள்? வழக்கமாக அது சித்தப்பாவின் வேலை. இந்த முறை அண்ணன் அந்தச் செல்போனை அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"அவன் எப்படிப் பேசுவான்னு உனக்குத்தானே தெரியும்? நீயே பாத்துக்க. அவன் வீட்டுக்கு விஷயம் போச்சுன்னா முதல்ல விழுறது என் தலை."

அவள் அழவில்லை. கல்லாட்டம் உட்கார்ந்து, 'சாப்பிட்டேம்மா. கால் வலி எப்படி இருக்கு?' என்று அவன் அம்மாவுக்கு அனுப்பினாள். பிறகு தினமும் அனுப்பினாள். செத்தவனின் தாயிடம் நலம் விசாரிப்பதுகூடப் பழகிப்போயிற்று. பாவி மனசு, எதற்குத்தான் பழகாது!

இன்று நாற்பதாம் நாள். வெளிநாடு போகிறவன் பாஸ்போர்ட்டை விட்டுவிட்டா போவான்? அதை எடுக்கத்தான் வந்தாள்.

அறைக்குள் கட்டிலில் ஒரு அம்மாள் உட்கார்ந்து சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். அதே மூக்கு, அதே நெற்றி. அவன் அம்மாவேதான்.

"வாம்மா. இவன் சட்டைக்கு நடுவுல உன் போட்டோ இருந்துச்சு. நீதானே எழுதுறது?"

அவள் கை, செல்போன் இருந்த கோட்டுப் பையை மூடிக்கொண்டது.

"முதல் நாளே தெரிஞ்சுபோச்சு. என் கால் வலியை அவன் ஒரு நாளாவது கேட்டிருப்பானா? பெத்தவளுக்குத் தெரியாதா?" குரலில் கோபமே இல்லை. "உங்க வீட்டு வேலைதான்னும் புரிஞ்சுது. அப்பவே ஆளுங்கள அனுப்பியிருப்பேன். ஆனா அன்னைக்கு மத்தியானமே அவன் வந்துட்டான்."

"யாரு?"

"சாப்பிட்டேன்னு நீ எழுதின. சமையல்கட்டுல நாற்காலி இழுபடுற சத்தம். ஓடிப் போய்ப் பாத்தா உக்காந்திருக்கான். தலையெல்லாம் தண்ணி சொட்டுது. ஒரு வார்த்தை பேசல." அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "எங்க இருக்கேன்னு நீ எழுதுறியோ அங்க இருக்கான். ரூம்ல படிக்கிறேன்னு நேத்து எழுதின இல்ல? அதான் இங்க வந்தேன்."

மேசையில் ஒரு புத்தகம் விரிந்து கிடந்தது. தாளெல்லாம் ஊறியிருந்தது.

ஆற்று வாடை அடித்தது.

அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "போறேன்னு மட்டும் எழுதிடாதம்மா. உங்க அண்ணனை ஒண்ணும் பண்ண மாட்டேன், யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். நீ பாட்டுக்கு எழுதிக்கிட்டே இரு."

"என்கிட்ட ஒரு தடவைகூட வரலையே," என்றாள் அவள். அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"உனக்கு நீ எழுதவே இல்லையே."

பாஸ்போர்ட்டைத் தேடாமலேயே வெளியே வந்து, விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து, அவன் செல்போனில் தன் பெயரைத் தேடினாள். பயமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும் என்று மட்டும் இருந்தது.

'இன்னைக்கு மத்தியானம் உன் வீட்டுக்கு வரேன்.'

வீட்டில் அண்ணன் சாப்பாட்டு மேசையில் தனியாக இருந்தான். அவள் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன்."

"அப்பாடா! தொல்லை விட்டுது." கரண்டியை எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது.

"என்னண்ணா?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தான்.

"இவன்... எப்ப வந்தான்?"

அவள் சட்டென்று திரும்பினாள்.

காலி நாற்காலி.

"விளையாடாதடி. ஏன் என்னையே பாக்கிறான்? ஏதாவது பேசச் சொல்லு அவனை!" அண்ணன் நாற்காலியோடு பின்னால் சரிந்தான். எழுந்திருக்கத் தெம்பில்லாமல், தரையில் தேய்த்துக்கொண்டே சுவர்வரை போனான்.

அவள் மறுபடி பார்த்தாள். கண் வலிக்கும்வரை பார்த்தாள். பெற்றவளுக்குத் தெரிகிறான், கொன்றவனுக்குத் தெரிகிறான், தனக்கு மட்டும் தெரியவில்லை. நாற்பது நாளில் முதல்முறையாக அவளுக்கு அழுகை வந்தது.

மேசைக்கு அடியில் யாரோ அவள் கையைப் பிடித்தார்கள்.

சில்லென்று, ஈரமாக இருந்தது.

அவள் கையை எடுத்துக்கொள்ளவில்லை.