வெட்டிய மரத்து நிழல்

மகளின் இரண்டாவது பிரசவத்துக்காகக் காரைக்கால் போயிருந்த ஷாஹீன், பேத்திக்கு நாற்பது நாள் கழிந்ததும் புதுச்சேரிக்குத் திரும்பினாள். ஊரின் தெற்குப் பக்கத் தெருவில் அவளுடைய அத்தா விட்டுப்போன பழைய வீடு அது. பூட்டைத் திறந்து, பெட்டியை இழுத்துக்கொண்டு, இருட்டு நடையைக் கடந்து முற்றத்துக்கு வந்தாள். வந்தவளுக்குக் கண் கூசியது. அந்த முற்றத்தில் அதுவரை யாருக்கும் கண் கூசியதில்லை.

பாதாம் மரம் இல்லை.

மரம் நின்ற இடத்தில் வட்டமாகப் புது சிமெண்ட் பூசியிருந்தது. ஈரமான மரத்தூள் வாடை இன்னும் போகவில்லை. ஷாஹீன் பெட்டியைக் கீழே போட்டுவிட்டுத் தம்பி அன்வருதீனுக்குப் போன் போட்டாள்.

"வந்துட்டியாக்கா? கொழந்த எப்படி இருக்கு?"

"மரம் எங்கடா?"

"வேர் செவுத்தத் தூக்கிட்டு இருந்துச்சுக்கா. நீ இருந்தா வெட்ட வுடமாட்ட. அதான் நீ வர்றதுக்குள்ள முடிச்சிட்டேன். முத்தத்த மூடி ரெண்டு ரூம் எடுக்கப்போறேன். வாரக் கடைசியில வெளியூர்க்காரங்க வந்து தங்குவாங்க. ஒனக்கும் நல்லதுதான?"

அந்தக் கடைசி வார்த்தையில்தான் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செய்வதையும் செய்துவிட்டு, அது உன் நல்லதுக்குத்தான் என்று சொல்கிறவனை என்ன செய்வது? வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். அவன் பாதியிலேயே போனை வைத்துவிட்டான்.

ஷாஹீன் படம் வரைந்து பிழைக்கிறவள். கடற்கரைப் பக்கத்துக் கடைக்காரர்கள் அவளைப் பார்த்தாலே, மஞ்சள் சுவரும் காகிதப்பூச் செடியும் வரைந்து தா, இரண்டே நாளில் விற்றுவிடும் என்பார்கள். அவள் ஒருமுறைகூட வரைந்து தந்ததில்லை. அவள் வரைந்ததெல்லாம் இந்த ஒரு மரத்தைத்தான். காலையில் கிழக்குக் கூரையைத் தாண்டி வெயில் இறங்கும்போது, மரத்தின் நிழல் மேற்குச் சுவரில் முழுசாக விழும். பாதாம் மரத்துக்குக் கிளைகள் அடுக்கடுக்காக, மாடி மாடியாகப் படர்ந்திருக்கும். சுவரில் பெரிய தாளை ஒட்டி, நிழல் நகர்வதற்குள் கரிக்கட்டியால் அதன் ஓரத்தைப் பிடித்துவிடுவாள். பிறகு நாள் முழுக்க உட்கார்ந்து வண்ணம் ஏற்றுவாள்.

என்ன வண்ணம் என்பதை அவளுடைய ஞாபகம் சொல்லும். அம்மா மௌத்தான அன்று முற்றம் முழுக்கச் சிவந்த இலைகள் உதிர்ந்து கிடந்தன. அழ வந்த பெண்கள் அவற்றின் மேலேயே உட்கார்ந்தார்கள். அந்தச் சிவப்பை அவள் பல படங்களில் தேடித் தேடித் தீட்டியிருக்கிறாள். சின்ன வயதில் அவளும் அன்வரும் கொட்டை உடைத்துத் தின்ற கல்லின் சாம்பல் நிறமும் அவள் படங்களில் உண்டு. அந்தத் தம்பிதான் இப்போது வெட்டிவிட்டான்.

அன்று இரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளும் பட்டினிதான். மரத்துக்காக ஒரு பொம்பளை பட்டினி கிடப்பதா என்று நாம் கேட்கலாம். கேட்டிருந்தால் அடிதான் விழுந்திருக்கும், அவ்வளவு கோபத்தில் இருந்தாள்.

மூன்றாம் நாள் காலை, பல் துலக்கிக்கொண்டே முற்றத்துக்கு வந்தவள் அப்படியே நின்றாள்.

மேற்குச் சுவரில் மரத்தின் நிழல் விழுந்திருந்தது.

திரும்பி அண்ணாந்து பார்த்தாள். வெறும் வானம். கீழே சிமெண்ட் வட்டம். மறுபடி சுவரைப் பார்த்தாள். அடுக்கடுக்காகக் கிளைகள், அகல அகலமான இலைகள். காற்றே இல்லாத முற்றத்தில் அந்த இலைகள் மெல்ல அசைந்துகொண்டிருந்தன.

பயம் வரவேண்டிய இடம்தான். ஆனால் ஷாஹீனுக்குச் சந்தோஷம் வந்தது. தனக்காகவே மரம் திரும்பி வந்திருக்கிறது என்று நினைத்தாள். உடனே தாளை ஒட்டி வரைந்தாள். அடுத்த சில நாள்களும் அப்படியே போயின. வெயில் இறங்கும், நிழல் விழும், அவள் வரைவாள். யாரிடமும் சொல்லவில்லை. நன்றாகப் பசித்தது, நன்றாகத் தூங்கினாள்.

ஒரு நாள் காலை, மேலடுக்குக் கிளையில் ஓர் ஆள் நின்றான்.

நிழல்தான். தலையில் துண்டு. இடுப்பில் கயிறு. இடது கையில் அரிவாள்.

ஷாஹீன் கரிக்கட்டியைக் கீழே வைத்துவிட்டாள். பயம் விலக ஓதுகிற ஆயத்துல் குர்ஸியை வாய்க்குள் ஓதினாள். ஓதி முடித்துப் பார்த்தபோதும் அவன் அங்கேயே நின்றான். அவள் சிறுமியாக இருந்தபோதே அத்தா சொல்லிவிட்டார், உயிருள்ளவற்றின் உருவம் வேண்டாம்மா, மரம், இலை எவ்வளவு வேண்டுமானாலும் போடு என்று. அந்தப் பேச்சை அவள் தட்டியதே இல்லை. அன்றும் கிளைகளை மட்டும் வரைந்தாள். அவன் நின்ற இடத்தை வெள்ளையாக விட்டுவிட்டாள்.

அன்று ராத்திரி தூக்கத்தில் முற்றத்துப் பக்கம் சத்தம் கேட்டது. காய்ந்த பாதாம் இலை தரையில் இழுபடுகிற சரசரப்பு. காலையில் முற்றத்தில் ஓர் இலைகூட இல்லை.

தாளில் அவள் வெள்ளையாக விட்ட இடம் கறுப்பாக நிரம்பியிருந்தது.

அவளுடைய விரல்களும் கறுத்திருந்தன.

வெயில் இறங்கியது. சுவரில் நிழல் விழுந்தது. அந்த ஆள் இன்று ஓர் அடுக்குக் கீழே இருந்தான். கால்கள் கிளையில் இல்லை. கைகள் இரண்டும் விரிந்திருந்தன. இடுப்புக் கயிறு அறுந்து மேலே பறந்தது.

அவன் விழுந்துகொண்டிருந்தான்.

ஷாஹீன் தம்பிக்குப் போன் செய்தாள். "மரம் வெட்டுனப்ப யாராவது வுழுந்தாங்களாடா?"

"யாரு சொன்னா?" என்றான் அன்வருதீன். இல்லை என்று சொல்லவில்லை. யார் சொன்னது என்றுதான் கேட்டான்.

"மரம் வெட்ட வந்தது யாரு?"

"எனக்கு என்னா தெரியும்? மரவாடிக்காரன் அனுப்புன ஆளுங்க. நல்லாத்தான் போனாங்க. நீ வெயில்ல நிக்காதக்கா." வைத்துவிட்டான்.

அவள் சேலையை மாற்றிக்கொண்டு நெல்லித்தோப்பு மரவாடிக்குப் போனாள். மரவாடி வைத்திருக்கும் ஹரிகிருஷ்ணன் அவளுக்குப் பல வருஷப் பழக்கம். படத்துக்குச் சட்டம் அடிக்க அங்கேதான் கட்டை வாங்குவாள்.

"ஒங்க வூட்டு மரமா? அம்மாவாசதான் ஏறுனான். லெஃப்ட் கைக்காரன். பாவம், செத்துப்புட்டான். அன்னைக்கே. கூலிய வாங்கிகிட்டு நேரா தவளக்குப்பம் போயிருக்கான், சாராயக்கடைக்கு. மப்புல வுழுந்து மண்ட ஒடஞ்சிடுச்சி. பாய்தான் வந்து எங்கிட்ட சொன்னாரு."

"எந்த பாய்?"

"ஒங்க தம்பிதான்."

ஷாஹீன் அங்கிருந்த மரக்கட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். தம்பி மேல் வந்த கோபம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய கோபம் தன் மேலேயே வந்தது. முற்றத்தில் ஒரு மனுஷன் செத்துக் கிடந்திருக்கிறான். அவளோ மரம் போச்சே மரம் போச்சே என்று பட்டினி கிடந்திருக்கிறாள். நிழல் வந்தபோது, தன்னைத் தேடி வந்ததாக நினைத்துப் பூரித்துப் போனாள். தூ என்று தன்னையே காறித் துப்பிக்கொள்ளத் தோன்றியது.

மறுநாள் காலை அவன் கடைசி அடுக்கையும் தாண்டியிருந்தான். தலைகீழாக. தலைக்கும் தரைக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. ஷாஹீன் தாளை ஒட்டி, முதல் வேலையாக அவனைத்தான் வரைந்தாள். விரிந்த கை, அவிழ்ந்த துண்டு, பிடியை விட்டுவிட்ட அரிவாள், ஒன்று விடவில்லை. மன்னிச்சிடுங்க அத்தா என்று மட்டும் முணுமுணுத்தாள்.

அவன் உருவம் இருந்த இரண்டு தாளையும் சுருட்டிக்கொண்டு, விசாரித்து விசாரித்துக் கருவடிக்குப்பத்தில் அம்மாவாசையின் வீட்டைக் கண்டுபிடித்தாள். அவன் மனைவி ஆயம்மா கதவுக்கு வெளியே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தாள்களைத் தரையில் விரித்துக் காட்டியதும் ஈரக்கையோடு எழுந்து வந்து பார்த்தாள். அழுவாள் என்று ஷாஹீன் நினைத்தாள். அவள் அழவில்லை.

"எங்க வூட்டுக்காரரு," என்றாள். "துண்டு கட்டிருக்கறத பாரு. நான் கட்டி வுட்டது. எங்க வுழுந்தாருக்கா?"

"எங்க வூட்டு முத்தத்துல. தெனம் காலையில அந்தச் செவுத்துல அவரு நெழல் வுழுது."

ஆயம்மா தலையை ஆட்டினாள். ஏற்கெனவே தெரிந்த ஒன்றைக் கேட்டவள் மாதிரி இருந்தாள். "ரெண்டு வருசமாச்சிக்கா அவரு குடிய வுட்டு. சட்டையெல்லாம் சாராய நாத்தம். நான் வாய மோந்து பாத்தேன். வாயில ஒரு பொட்டு நாத்தம் இல்ல. சட்ட மேல ஊத்துனவன், வாயில ஊத்த மறந்துட்டான். எல்லார்கிட்டயும் சொன்னேன். அவரு கூடப்பொறந்தவனே, குடிகாரனுக்கு என்னா கருமாதின்னு எழுந்து போயிட்டான். எம்பொண்ணு பள்ளிக்கூடம் போவமாட்டேங்குது, குடிகாரன் பொண்ணுன்னு சொல்றாங்களாம்." பிறகு மெதுவாகக் கேட்டாள், "நான் வந்து பாக்கலாமா?"

அடுத்த நாள் ஆயம்மா வந்தாள். ஷாஹீன் தம்பியையும் வரச் சொல்லியிருந்தாள். ரூம் கட்டுவதற்குச் சம்மதம் என்று பொய் சொல்லித்தான் கூப்பிட்டாள். அவன் வெள்ளைச் சட்டையும் அத்தருமாகச் சிரித்துக்கொண்டே வந்தான். நடையைத் தாண்டி முற்றத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

சுவரில் நிழல் விழுந்திருந்தது. தலைகீழாகத் தொங்கியவனின் தலை தரையைத் தொட ஒரு விரற்கடைதான் பாக்கி. ஆயம்மா சுவரடியில் குத்துக்காலிட்டு, அந்தத் தலைக்குக் கீழே இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்தி உட்கார்ந்திருந்தாள்.

"பாய்," என்றாள் திரும்பாமலே. "இவரு இங்கதான வுழுந்தாரு?"

அன்வருதீன் ஓர் அடி பின்வாங்கினான். "யாரும்மா நீ? அக்கா, யாரு இவங்க?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுடா," என்றாள் ஷாஹீன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. கூலிய வாங்கிகிட்டு போனான். குடிச்சான். வுழுந்தான். அதுக்கு நான் என்னா செய்ய முடியும்?"

சொல்லி வாய் மூடவில்லை.

தொப்.

கல்தரையில் ஓர் உடம்பு விழுகிற சத்தம். முற்றம் அதிர்ந்தது. ஆயம்மாவின் கைகள் கீழே இறங்கின, ஏதோ பாரம் வந்து விழுந்ததுபோல.

சுவர் வெள்ளையாக இருந்தது. கிளை இல்லை, இலை இல்லை, ஆளும் இல்லை. வெறும் வெயில் அடித்தது.

அன்வருதீன் பெருமூச்சு விட்டான். "அவ்வளவுதான்," என்று சிரிக்கப் பார்த்தான். "கண்ணு ஏமாத்துதுக்கா. எல்லாம் முடிஞ்சி போச்சி." முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெயிலை விட்டுக் கூடத்துக்குள் போனான். ஃபேனைப் போட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். ஷாஹீன் பின்னாலேயே போய் நிலைப்படியில் நின்றாள்.

வெயிலே வராத கூடம் அது.

அவன் வெள்ளைச் சட்டையில் இலைகள் அசைந்தன.

அவன் குனிந்து பார்த்தான். சட்டையைத் தட்டினான். தட்டிய கையின் மேலும் இலை நிழல் ஆடியது. எழுந்து விளக்கைப் போட்டான். நிழல் போகவில்லை. சட்டையைக் கிழித்துக் கழற்றி எறிந்தான். வெற்று மார்பில் அடுக்கடுக்காகக் கிளைகள் படர்ந்திருந்தன. கழுத்துக்குக் கீழே, மேலடுக்குக் கிளையில், இடது கையில் அரிவாளோடு ஓர் ஆள் ஏறி நின்றான். ஒரு காலை எடுத்து வெளியே வைக்கப் போனான்.

"அக்கா," என்றான் அன்வருதீன். சின்னப் பிள்ளையின் குரல். "எடுத்து வுடுக்கா. ஓதி வுடுக்கா."

"சொல்லிடு," என்றாள் ஷாஹீன். "இந்தம்மாகிட்ட சொல்லு. தெருவுல நின்னு சொல்லு. அவரு குடிக்கலன்னு சொல்லு."

அவன் வாயைத் திறந்தான். ஆயம்மாவைப் பார்த்தான். மூடிக்கொண்டான். இவ்வளவுக்கும் பிறகும் மூடிக்கொண்டான்.

ஷாஹீனுக்கு இரக்கம் வரவேயில்லை. உள்ளே போய்ப் புதுத் தாளும் கரிக்கட்டியும் எடுத்து வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். "அசையாம நில்லு," என்றாள். முதலில் அவன் முகத்தை வரையத் தொடங்கினாள்.

ஆயம்மா அருகே வந்தாள். அவன் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. அவன் மார்பின் மேல் நின்றவனைத்தான் பார்த்தாள். வீட்டுக்காரனிடம் பேசுகிற சாதாரணக் குரலில் சொன்னாள்:

"அவசரப்படாதய்யா. இவரு வாயத் தொறந்து சொல்ற வரைக்கும் எறங்காத. அங்கயே நில்லு."

வெளியே எடுத்த காலை அந்த நிழல் பின்னால் இழுத்துக்கொண்டது. கிளையில் ஊன்றி நின்றது.