முகம் இல்லாத வரிசை

வரிசையின் கடைசியில் நின்ற பெண்ணுக்கு முகம் இருக்கவில்லை. வாளி இருந்தது, கழுத்து இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைச் சதுரம்.

"மிஸ், இத நான் அழிக்கல்ல," என்றான் முனீப். அந்தக் கணினி விளையாட்டை எழுதியவன் அவன்தான்.

"மூணு மணிக்கு காசு தாற வெள்ளைக்காரர் பாக்க வாறாங்க. ஜும்மா முடிஞ்சு வந்து சரி பண்ணுங்க," என்றாள் ஜெஸீமா.

ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள். உட்துறைமுக வீதியில் இருந்த தொண்டு நிறுவன மாடியில் அவள் மட்டும் மிஞ்சினாள்.

விளையாட்டின் பெயர் 'தண்ணீர் வரிசை'. திரையைத் தட்டினால் விழிப்புணர்வுப் புள்ளி ஏறும். நூறு ஏறினால் வரிசை ஒரு அடி நகரும். புள்ளிகளைக் கொடுத்துப் பதாகை வாங்கலாம், தொப்பி வாங்கலாம், பெரிய ஹோட்டலில் கருத்தரங்கு வாங்கலாம். அதற்குப் பிறகு தட்டவும் தேவையில்லை. நீங்கள் தூங்கினாலும் உங்கள் இரக்கம் தானே வேலை செய்யும். வாளி மட்டும் நிறையாது. இது நையாண்டியாம். உலகத்தின் மனச்சாட்சியை உலுக்குமாம். ஏசிக் குளிருக்குச் சால்வை போர்த்திக்கொண்டு திட்ட அறிக்கையில் அப்படித்தான் எழுதியிருந்தாள் ஜெஸீமா.

வரிசைக்கு முகங்கள் வேண்டுமே. குழாய்த் தண்ணீர் கேட்டு இலங்கைத்துறைக் கிராமத்திலிருந்து வந்த இருநூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பங்கள் அவளுடைய அலுமாரியில் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஸ்டேப்ளர் பின் அடித்த ஒரு படம். ஸ்கேன் பண்ண வசதியென்று எல்லாவற்றையும் நகத்தால் நெம்பிக் கழற்றி ஒரு பிஸ்கட் டின்னில் கொட்டினாள். ஒன்றின் பின்னாலும் பெயர் எழுதவில்லை. எந்த முகம் எந்தப் படிவத்துக்குரியது என்று இனி அவளால் சொல்ல ஏலாது. படமில்லாத படிவத்தைத் தண்ணீர்க் கந்தோர் அதிகாரிகள் எடுக்கமாட்டார்கள். இன்றுதான் கடைசி நாள். அதுக்கென்ன, அடுத்த வருடம் திரும்ப எழுதித் தரட்டும், அதுகளுக்கு வேறென்ன வேலை என்று நினைத்துக்கொண்டாள்.

கைபேசி அடித்தது. விண்ணப்பங்களைச் சேர்த்துக் கொண்டுவந்து தந்த ராசமலர்.

"மிஸ், எங்கட ஃபைல் போயிட்டா?"

"ஓம், காலையிலயே அனுப்பியாச்சு."

ராசமலர் மெதுவாகச் சொன்னாள்: "அப்ப கழட்டின படங்களையாவது தாங்க மிஸ். படம் இல்லாம இஞ்ச ஒருத்தருக்கும் ஒருத்தர்ட முகம் தெரியுதில்ல."

இந்தச் சனத்துக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று அலட்சியமாகத் தொடர்பை அறுத்தாள் ஜெஸீமா. கரண்ட் போனது. ஏசி அடங்கியது, பள்ளிவாசல் ஒலிபெருக்கி அடங்கியது, துறைமுகப் பக்கமிருந்து வழக்கமாகக் கேட்கும் இரும்புச் சத்தமும் அடங்கியது. மூடிய ஜன்னல்களுக்குள் பாசி பிடித்த வாளியின் வாடையும் உப்புக் கிணற்றின் வாடையும் மெல்ல மெல்ல ஏறிவந்தன.

பேட்டரியில் ஓடிய மடிக்கணினியில் பாதி வரிசைக்கு முகம் இல்லை. யாரும் தட்டவில்லை, புள்ளி ஏறிக்கொண்டிருந்தது. நூறு ஆனது. மாடிப்படியில் ஏதோ சீமெந்தில் உரசியது. பிளாஸ்டிக் வாளி. பிறகு அமைதி. மீண்டும் நூறு. மீண்டும் ஒரு படி.

விளையாட்டை மூடப் பார்த்தாள். மூடவில்லை. இப்போது வரிசை முழுவதும் வெள்ளைச் சதுரங்கள். அவளுக்கு நாக்கு வறண்டது.

டின்னைக் கொடுத்துவிடலாம். அதுதானே கேட்டார்கள். அலுமாரியைத் திறந்தாள். டின்னை இழுத்தாள். படங்கள் தரையில் கொட்டின. அள்ளினாள். நூறு. ஒரு படி. கதவு திறந்தது.

வாளியோடு ஒரு பெண். முகத்தில் வெள்ளைச் சதுரம். அதன் மேலே துருப்பிடித்த இரண்டு துளைகள்.

"உங்கட படம் எது?" ஜெஸீமா டின்னை நீட்டினாள். "எடுங்க. எதையாவது எடுங்க."

அந்தப் பெண் ஒரு படத்தை எடுத்தாள். பின்பக்கம் திருப்பித் தடவினாள். பெயர் இல்லை. திரும்ப வைத்தாள். இன்னொன்று. அதிலும் இல்லை.

வாளியைக் கீழே வைத்தாள். ஈர விரல் ஜெஸீமாவின் தாடையோரம் வந்தது. நகம் தோலின் ஓரத்தைத் தேடியது. பொறுமையாக. படம் கிழிந்துவிடாமல் கழற்றுகிறவர்கள் தேடுவதுபோல.

திரையில் இன்னொரு நூறு ஏறியது. வெளியே எல்லா வாளிகளும் ஒரு படி மேலே வந்தன.