மூன்றாவது ஸலாம்

எல்லாரும் மேட்டை நோக்கி ஓடினார்கள். ஒரு பிள்ளை மட்டும் ஓடவில்லை.

ஸுஹைறா லெப்டொப்புக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனாள். விளையாட்டுக்குள் இருந்தது எந்த நாட்டிலும் இல்லாத ஓர் ஊர். பனி மூடிய கூரைகள், கல் பாவிய தெரு, மஞ்சள் முடிச் சனம். மணி அடித்தால் கடல் எழும்பும், சனம் ஓடும், அலை ஊரை விழுங்கும். கொஞ்ச நாளாக விழுங்கவில்லை. தெருமுனை வரை வந்து, பனை உயரத்துக்கு நிமிர்ந்து, அப்படியே நின்றுவிடுகிறது. ஏன் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவளுடைய வேலை.

விளையாடுவதற்குச் சம்பளமாம் என்று ஊர் சிரிக்கிறது. யாராவது வந்து விளையாடிப் பார்க்கட்டும். ஒரே சுவரில் பகல் முழுக்க முட்டு. ஒரே படியில் விழு, ஏறு, திரும்ப விழு. தெருவில் உள்ள ஒவ்வொரு கதவிலும் போய் அழுத்து. திறக்காது. அது கதவே இல்லை, சுவரில் கீறிய படம். திறக்கவில்லை என்று எழுது. கண்ட பிழையை அனுப்பினால் "எங்களுக்கு அப்படி வரவில்லை" என்று கொழும்பிலிருந்து மூடிவிடுவார்கள். விளையாட்டு வெளிவரும் நாளில் கடைசியில் ஓடும் பெயர்களுக்குள் அவளுடைய பெயர் இராது. வாப்பா மவுத்தாகும் வரை கரைவலை இழுத்துப் படிப்பித்த படிப்பு. அரசாங்க நியமனத்துக்குக் காத்துக் காத்து வெறுத்துப்போய், கடைசியில் ஒரு பொய்க்கடலை எழுப்பி எழுப்பிப் பார்க்கும் வேலைக்கு அது உதவியது.

அந்தக் கடலை மட்டும் உம்மா காணக்கூடாது. அதற்காகத்தான் அறைக்கதவு எப்போதும் சாத்தியிருக்கும். காதில் ஹெட்போன். திரை சுவர்ப்பக்கம்.

அவள் திரும்ப மணியை அடித்தாள். இந்தத் தடவை அந்தப் பிள்ளையின் பின்னாலேயே போனாள்.

பிள்ளை முதல் வீட்டுக் கதவுக்கு முன்னால் நின்றது. வாய் அசைந்தது, சத்தமில்லை. காத்திருந்தது. திரும்ப அசைந்தது. மூன்றாம் தரமும் அசைந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தது. அதன் பின்னால் அலையும் ஒரு வீட்டுத் தூரம் நகர்ந்து வந்தது. பிள்ளை நிற்க, அலையும் நின்றது.

அதுவும் அந்தக் கதவு திறக்கும் வரை காத்திருப்பதுபோல.

அவள் எழுதி அனுப்பினாள். எங்களுக்கு அப்படி வரவில்லை என்று மூடினார்கள். அடுத்த பதிப்பு வந்தபோது பிள்ளையின் முடி கறுப்பாகியிருந்தது. வாய்க்குச் சத்தமும் வந்திருந்தது. ஹெட்போனுக்குள், காதோடு காதாக, ஈரமான ஒரு சின்னக் குரல்.

"அச்சலாமு அலைக்கும்."

ஸுஹைறா ஹெட்போனைக் கழற்றி, சாத்திய கதவை ஒருதரம் பார்த்துவிட்டு, திரும்ப மாட்டினாள்.

"ஸ" வராது தங்கச்சி பஸ்மிலாவுக்கு. அப்போது ஐந்து வயது. சுனாமி வந்த அந்த ஞாயிறு காலை, அடுத்த வீட்டுக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொல்லி உம்மாதான் அனுப்பினார். அடுத்தவர் வீட்டுக்குப் போனால் வெளியே நின்று ஸலாம் சொல்லவேண்டும், மூன்று தரம் சொல்லியும் பதில் வராவிட்டால் திரும்பிவிடவேண்டும், பதில் வராமல் உள்ளே கால் வைக்கக்கூடாது. அதையும் உம்மாதான் பழக்கியிருந்தார். கடல் வந்தது. சனம் வீடுகளைத் திறந்துபோட்டு ஓடியது. ஏறிப் பிழைக்க மாடிப்படி இருந்த வீடுகளும் திறந்தே கிடந்தன. ஒவ்வொரு வாசலிலும் அவள் நின்றிருப்பாள். நல்ல பிள்ளை. உள்ளே போயிருக்கமாட்டாள்.

மையித்துக் கிடைக்கவில்லை, அடக்க உடலே இல்லை. வீட்டுத்திட்டத்தில் வேறு இடத்தில் வீடு தந்தபோது உம்மா கல்முனைக்குடியை விட்டு அசையவில்லை. "புள்ள வந்தா எந்த வீட்டுக்கு வருவா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு எந்த ஸலாமையும் அவர் பதிலில்லாமல் விட்டதில்லை. ரேடியோவில் செய்தி வாசிப்பவனுக்கும் பதில் சொல்வார். தெருவால் போகிற மீன்காரனுக்கும், பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்கும்.

கிசோக் அழைத்தான். பக்கத்து ஊர்ப் பாண்டிருப்புக்காரன். கொழும்பில் அவளுக்கு மேல் இருப்பவன்.

"ஸுஹைறா, இன்னும் அந்தப் பேய்ப்புள்ளையோடதான் மல்லுக்கட்டுறீங்களா?"

"பேய் எண்டு நான் எழுதல்ல."

"எழுதினா என்னையும் சேத்தெல்லா வீட்டுக்கு அனுப்புவானுகள்." சிரித்தான். "இஞ்ச பாருங்க, எனக்கு அது வருதில்ல. ஆனா தெருவில நிக்கிற சின்னப்புள்ளையள் எல்லாத்தையும் அழிச்சிவிட்டா உங்கட பிழையும் போயிரும். அலை ஓடும். அழிக்கவா?"

ஓம் என்று சொன்னால் முடிந்தது. ஒரே ஒரு ஓம்.

"வேணாம்," என்றாள் ஸுஹைறா. அவளுடைய குரல் அவளுக்கே பிடிக்கவில்லை. "இன்னொருக்கா பாக்கன்."

வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கருவாட்டு மணமும் யாரோ குப்பை கொளுத்திய புகையும் ஜன்னலால் வந்தன. மஃரிப் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்யும் உம்மாவின் தண்ணீர்ச் சத்தம் கிணற்றடியில் கேட்டது. அவள் மணியை அடித்தாள். பிள்ளை கதவு கதவாக நடந்தது, அலை அதன் பின்னால் வந்தது, சுவரில் கீறிய எந்தக் கதவும் பதில் சொல்லவில்லை. தெருவின் கடைசியில், இதுவரை வெறும் சுவராக இருந்த இடத்தில், ஒரு நீலக் கதவு. பலகைக் கதவு. கீழ் மூலையில் தகரம் வைத்து அடித்த ஒட்டு.

இந்த வீட்டு வாசல் கதவில் அந்தத் தகரத்தை அடித்தது வாப்பா.

பிள்ளை அதன் முன்னால் நின்றது. கையில் கோப்பை.

"அச்சலாமு அலைக்கும்."

ஸுஹைறா உதட்டைக் கடித்தாள். பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இருபது வருடத்துக்கு மேலாக ஒரு பதிலுக்காக வாசல் வாசலாக அலையும் பிள்ளை. ஆனால் பின்னால் நிற்பது? அதுவும் அந்தப் பதிலைத்தானே கேட்டுக்கொண்டு நிற்கிறது.

"அச்சலாமு அலைக்கும்."

இன்னும் ஒன்று. பதில் வராவிட்டால் போய்விடும். போய்விடு தங்கச்சி. போகாதே.

ஹெட்போன் கீச்சென்றது. சார்ஜ் செத்துவிட்டது. அறை ஒரு கணம் அமைதியானது. பிறகு லெப்டொப்பின் வாயால், வீடு முழுக்கக் கேட்கும்படி,

"அச்சலாமு அலைக்கும்."

அவள் சத்தத்தை அடைக்கப் பாய்ந்தாள். பிந்திவிட்டது.

"வஅலைக்குமுஸ்ஸலாம்," என்றார் உம்மா. வழக்கம்போல். யோசிக்காமல்.

பிறகு நின்றார். அந்த "ச" இப்போதுதான் அவரிடம் போய்ச் சேர்ந்தது.

"மகள்?"

"உம்மா, அது இதுக்குள்ள! திறக்காதீங்க!"

திரையில் பிள்ளை இல்லை. தெரு இல்லை. அலை இல்லை. நீலக் கதவு மட்டும்.

ஸுஹைறா ஓடினாள். நாற்காலி சரிந்தது. பள்ளிவாசலில் பாங்கு தொடங்கி, பாதியில் அறுந்தது. காகங்கள் இல்லை. கடலின் இரைச்சல் இல்லை. பிறந்த நாளிலிருந்து ஒருநாளும் ஓயாத இரைச்சல்.

வாசலில் உம்மா. வுழூச் செய்த கை ஈரத்தோடு கதவுக் கொண்டியில்.

"உம்மா!"

"வெளிய நிக்கா புள்ள," என்றார் உம்மா, அழுதுகொண்டே, சிரித்துக்கொண்டே. "உள்ளுக்கு வா மகள். வா."

கொண்டி விழுந்தது.

படியில் இரண்டு சின்னக் கால்கள். நனைந்தவை. ஒரு கால் உள்ளே.

அதற்குப் பின்னால், தென்னைகளுக்கும் மேலாக, பள்ளியின் மினாராவுக்கும் மேலாக, சத்தமே இல்லாமல் நிமிர்ந்து நின்றது கடல். தன் முறைக்காகக் காத்துக்கொண்டு.