கவிழ்ந்த சிலுவை என்று சொன்னவள்

மழைக்கு அன்று ஓர் அவசரமும் இல்லை... துஷ்யாவுக்குத்தான் அவசரம். நோர்வேயின் புருசெத் ரயில் நிலையப் படிகளில் ஓடி இறங்கியவள், ஏறி வந்தவனின் நெஞ்சிலேயே போய் மோதினாள். அவன் கையிலிருந்த பிள்ளைகளின் பாடக் கொப்பிகள் ஈரத்தில் விழுந்தன.

"கண் முன்னாலைதானே இருக்கு?" என்றான்.

"உங்களுக்கும் அங்கைதானே இருக்கு..."

சிரித்துவிட்டான். நனைந்த இமைகளுக்குள் அப்படியொரு கண்கள்... பேர் செபஸ்ரியனாம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறானாம். கொப்பி பொறுக்கக் குனிந்தபோது சட்டைக்குள்ளிருந்து ஒரு சங்கிலி நழுவித் தொங்கியது. அதன் நுனியில் தலைகீழாய் ஒரு சிலுவை.

ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற பிள்ளை, பயந்துபோனாள். அதைவிட, அவனையே சுற்றிச் சுற்றி வந்த தன் மனதுக்குத்தான் கூடப் பயந்தாள். வீட்டுக்குப் போய் அம்மா ஜெயகுமாரியிடம் வாயை விட்டாள். "அந்த வாத்தியார் சிலுவையைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறார், சாத்தானைக் கும்பிடுறார் போலக் கிடக்கு, அம்மா."

அம்மா தொலைபேசியை எடுத்தால் சும்மா வைப்பாவா? அடுத்த சனிக்குள் பெற்றோர் எல்லாரும் கொதித்தெழ, பள்ளிக்கூடப் பொறுப்பாளர் யோகலிங்கம் மாஸ்டர் அவனை இனி வகுப்புக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்.

திங்கட்கிழமை அதே நிலையத்தில், அதே கண்கள். அவளுக்கு ஓடி ஒளியத் தோன்றியது. அவனோ பக்கத்தில் வந்து நின்றான். அவள் மெல்லச் சங்கிலியைப் பற்றிக் கேட்டாள்.

"அது சிலுவை இல்லை. சம்மட்டி. நோர்வேக்காரரின்ரை பழைய தெய்வம் தோரின்ரை சம்மட்டி. நான் சேர்ச்சை விட்டுக் கனகாலம்."

"அப்ப ஆருக்குப் பயந்து ஒழுங்காய் இருக்கிறியள்?"

"ஏன் பயப்பிடோணும்? சொன்ன சொல்லைக் காக்கோணும். வந்த ஆளைப் பசியோட அனுப்பக்கூடாது. பிழை விட்டா அந்த ஆளிட்டையே போய்ச் சொல்லோணும். எங்கடை வழி அவ்வளவுதான்."

அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது.

"நான்தான்... நான்தான் சொன்னனான்."

"தெரியும். சட்டைக்கு உள்ளுக்கை கிடக்கிறதைக் கண்டது நீங்கள் மட்டுந்தானே."

தெரிந்துமா இவ்வளவு நேரம் மரியாதையாகக் கதைத்தான்? சீ, என்ன பெண் நான்...

"பாவசங்கீர்த்தனம் செய்திட்டன். பாதிரியார் மன்னிச்சிட்டார்."

"ஏன், அவருக்கோ வகுப்புப் போனது?"

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ரயில் வந்தது. அவன் ஏறிப் போய்விட்டான்.

சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். செபஸ்ரியன் வாசலில் நின்றான்... திருத்தித் தருவதாகப் பிள்ளைகளுக்குச் சொன்ன கொப்பிகளைக் கொடுக்க வந்திருந்தான். அம்மாவோடு வந்திருந்த துஷ்யா எழுந்து முன்னால் போனாள்.

"அவரைப் பற்றின கதை என்ரை வாயாலை வந்தது. அது பொய். விளங்காத ஒண்டைக் கண்டிட்டு, கேக்காமல் கதை கட்டினனான். அவர் கிறிஸ்தவர் இல்லை, உண்மை. ஆனா இஞ்சை பிழை செய்தது, பூசைக்குப் போற நான்."

அவளால் நிமிர்ந்து பார்க்கவும் முடியவில்லை. யோகலிங்கம் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாசல் பக்கம் திரும்பி, "தம்பி, உள்ளுக்கை வாரும்," என்றார்.

ஜெயகுமாரி மகளின் கையைப் பிடித்து இழுத்தா. "மானத்தை வாங்கிப்போட்டாய். ஆரோ ஒருத்தனுக்கு உனக்கேன் இவ்வளவு அந்தரம்?"

பொய் சொல்ல இனி அவளிடம் தெம்பு இல்லை. அவன் கேட்கிற தூரத்தில்தான் நின்றான்.

"ஆரோ ஒருத்தர் இல்லை, அம்மா... எனக்கு அவரை விருப்பம்."