யாரும் கேட்காத முழுக்கை

"எதுவும் தொலையலைங்க," என்றாள் வந்தவள். "கூடுதலா ரெண்டு வந்திருக்கு."

அரங்கத்தின் தொலைந்த பொருள் அறையில் இப்படி ஒரு புகார் வந்ததே இல்லை. அறையின் பொறுப்பாளருக்கு அரங்கம் முழுக்க 'ஆமை மேடம்' என்று பெயர். நடையும் மெது, பேச்சும் மெது. ஆனால் ஒற்றைக் கம்மலைக் கையில் கொடுத்தால் அதைத் தொலைத்தவள் எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தாள் என்பதுவரை சொல்லிவிடுவார். அவருடைய உதவியாளருக்குப் 'பட்டாசு' என்று பெயர் வந்த காரணத்தை விளக்கவே வேண்டாம், அவள் வாயைத் திறந்தால் போதும். இன்று உடை மாற்றும் அறையின் சாவியும் அவள் பொறுப்பில்தான் இருந்தது. இன்றைக்கென்று பார்த்து அவள் வாயே திறக்கவில்லை.

வந்தவள் பஸ் கண்டக்டர். எங்கே ஃபேஷன் ஷோ நடந்தாலும் டிக்கெட் வாங்கிக் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிடுவாள். ஆண்கள் போடும் கோட்டுக்குக் கிளிப்பச்சைக் கழுத்துத்துணி என்று தனக்கென ஒரு பாணி. வெயில் கொளுத்தினாலும் முழுக்கைதான். அந்தப் பாணியைக் கவனித்த டிசைனர் இந்த முறை அவளையே மேடையில் நடக்கக் கூப்பிட்டிருந்தார். நடந்து முடித்ததும் தொகுப்பாளர் மைக்கைக் கொடுத்து இரண்டு கேள்வி கேட்பார். வாழ்க்கையில் முதல் தடவையாக, டிசைனரிடம் கையில்லாத உடுப்பு தைத்து வாங்கியிருந்தாள். இன்று மதியம் ஒரு மணிக்கு உடை மாற்றும் அறையில் மாட்டி வைத்தபோது அது சரியாகத்தான் இருந்தது. இரண்டு மணிக்குப் பார்த்தால், அதே நீலத் துணியில் இரண்டு முழுக்கைகள் தைக்கப்பட்டிருந்தன!

"பிரிச்சுடலாமே," என்றார் மேடம்.

"பிரிச்சுடலாம்ங்க. ஆனா என் இடது கையில பெரிய தழும்பு இருக்கு. நாலு வயசுல வெந்நீர்ப் பானையை நானே இழுத்து விட்டுக்கிட்டேன், அவ்வளவு வாலு!" சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "அதைப் பார்க்கவே பிடிக்காத யாரோ ஒருத்தர் இங்க இருக்காங்க. யாருன்னு தெரியாம எப்படி நிமிர்ந்து நடப்பேன்? எதிர்ல உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு முகமும் அந்த முகமாத்தான் தெரியும். அஞ்சு மணிக்கு ஷோ."

மணி மூன்றாகியிருந்தது.

மேடம் உடுப்பை வாங்கி அதன் கைகளை உட்புறமாகத் திருப்பினார். இடது கைக்குள் மெல்லிய பழைய பருத்தித் துணி வைத்துத் தைத்திருந்தது. வலது கையில் அது இல்லை.

"தழும்பை இங்க யார் பார்த்திருக்காங்க?"

"யாரும் பார்க்கல. இருக்குன்னு மட்டும் டிசைனர்கிட்டயும் மேக்கப் போடறவர்கிட்டயும் சொன்னேன். அளவுகூடச் சட்டைக்கு மேலதான் எடுத்தாங்க."

"மீந்த துணி?"

"உடுப்போட சேர்த்துப் பையில போட்டுக் கொடுத்துட்டாங்க. எந்த டைலரும் கொடுக்கிறதுதானே? வீட்ல கிடக்கு."

மேடம் பட்டாசைப் பார்த்தார். "அறை பூட்டியிருந்துச்சா?"

"பூட்டித்தான் இருந்துச்சு மேடம்."

பச்சைப் பொய். புது மஞ்சள் கோட்டைப் போட்டுக்கொண்டு, பெரிய மனுஷி மாதிரி முன் வரிசையில் உட்கார்ந்து ஒத்திகை பார்க்கும் ஆசையில், பட்டாசு ஒரு மணி நேரம் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போயிருந்தாள். சொன்னால் வேலை போகும்.

உடை மாற்றும் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். டிசைனர், மேக்கப்காரர், தங்கைக்கு உடுத்திவிட வந்திருந்த, அவளோடு ஒரே வீட்டில் இருக்கும் கண்டக்டரின் அக்கா. ஒரு மணியிலிருந்து இரண்டுவரை எங்கே இருந்தீர்கள் என்று மேடம் கேட்டார்.

"மேடையில," என்றார் டிசைனர்.

"கேன்டீன்ல. தனியாத்தான் சாப்பிட்டேன்," என்றார் மேக்கப்காரர்.

"முன் வரிசையில உட்கார்ந்து ஒத்திகை பார்த்தேன்," என்றாள் அக்கா.

பட்டாசுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன் வரிசையில் அவளைத் தவிர ஈ காக்காய் இல்லையே!

டிசைனர் மேக்கப்காரர் மீது பாய்ந்தார். "தழும்பெல்லாம் மேடையில எடுபடாதுன்னு புலம்பினது நீதானே? இனிமே என் ஷோ பக்கமே வராதே!"

அந்த மனிதர் முகம் வெளிறிப் பையை எடுத்தார். அவர் வாசல்படியைத் தாண்டுவதற்குள் பட்டாசு வெடித்தாள்.

"அவர் இல்லைங்க! தப்பு என்னுது. கதவைத் திறந்து போட்டுட்டுப் போனேன். முன் வரிசையில நான் மட்டும்தான் உட்கார்ந்திருந்தேன். இந்த அக்கா அங்க இல்லவே இல்லை." சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

மேடம் அவளைத் திட்டவில்லை. உடுப்பை மேசையில் விரித்தார்.

"தழும்பு எந்தக் கையிலன்னு இங்க யாருக்கும் தெரியாது. தைச்சவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. இடது கைக்கு மட்டும் உள்ள மெல்லிசுத் துணி வச்சிருக்காங்க. முரட்டுத் துணி பட்டா அங்க எரியும்னு தெரிஞ்சவங்க வேலை இது. மீந்த துணியும் வீட்லதான் இருக்கு. கையை ரெண்டையும் வீட்லயே தயார் பண்ணி எடுத்துட்டு வந்து, இங்க இணைக்க மட்டும் செஞ்சிருக்காங்க. வெறுக்கிறவங்க இவ்வளவு பார்த்துப் பார்த்துத் தைக்க மாட்டாங்கம்மா."

கண்டக்டர் திரும்பினாள். "ஏன்க்கா? நான் அசிங்கமாத் தெரிவேன்னா?"

"ஐயோ, இல்லடீ!" அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "தழும்பைப் பார்த்தா, மைக்கைக் கொடுத்து எப்படி ஆச்சுன்னு கேட்பாங்க. நீயும் சிரிச்சுக்கிட்டே, நானே இழுத்து விட்டுக்கிட்டேன்னு சொல்லுவே. இத்தனை பேர் முன்னால. அதை என்னால கேட்க முடியாது."

"ஏன்?"

"நீ இழுக்கலடீ. நான்தான் ஓடி வந்து தட்டி விட்டேன். எனக்குப் பத்து வயசு. அம்மா அடிப்பாங்கன்னு உன் மேல பழியைப் போட்டேன். அப்புறம் சொல்ல வாய் வரவே இல்ல."

"அம்மா சாகிற வரைக்கும் என்னை அடங்காப்பிடாரின்னு திட்டினாங்க," என்றாள் கண்டக்டர். "நீ பக்கத்துலதானே இருந்தே?"

"இருந்தேன்."

கண்டக்டர் உடுப்பை எடுத்து அக்காவின் மடியில் வைத்தாள். "பிரி."

அக்கா ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். டிசைனர் மேக்கப்காரரிடம் மன்னிப்புக் கேட்டார். பட்டாசு கண்டக்டரிடம் போய் நின்றாள்.

"மன்னிச்சுடுங்க."

"நீ கதவைப் பூட்டியிருந்தா எனக்கு இது தெரிஞ்சே இருக்காது. உன்னைத் திட்டறதா, கையெடுத்துக் கும்பிடறதான்னே தெரியல. போம்மா."

ஐந்து மணிக்கு அவள் இரண்டு கைகளும் வெறுமையாக மேடை ஏறினாள். நடுவில் ஒருமுறை தடுமாறினாள், பிறகு நிமிர்ந்து நடந்தாள். திரைக்குப் பின்னால் பட்டாசுக்குப் பக்கத்தில் அக்கா நின்றாள். தொகுப்பாளர் மைக்கை நீட்டினார்.

"கையில என்ன ஆச்சுன்னு கேட்கலாமா?"

"சின்ன வயசுல வெந்நீர் கொட்டிடுச்சு."

"அடடா, எப்படி?"

கண்டக்டர் திரைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அக்கா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். சொல்லிவிடப் போகிறாள் என்றுதான் பட்டாசும் நினைத்தாள்.

"எப்படியோ கொட்டிடுச்சுங்க," என்றாள் கண்டக்டர். "ஆனா அதுல என் தப்பு எதுவும் இல்ல."

கைதட்டல் எழுந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.