அமலோற்பவத்தின் இடக்கை

விடியும் நேரத்தில் மிதவைத்துறையில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் இருமல் வரும். நோய் ஒன்றுமில்லை. வள்ளத்தை அவிழ்ப்பதற்கு முன் அவரவர் வள்ளத்தின் விளிம்பில் குந்தி, கண்ணை மூடி, இடது கையை முழங்கை வரை கடலுக்குள் விடுவார்கள். தலை வலப்பக்கம் லேசாகச் சாயும். நாக்கு 'ச்சு, ச்சு' என்று கொட்டும். பிறகு ஒரு வறட்டு இருமல். தாடி வைத்த ஆண்களும் பள்ளியை இப்போதுதான் முடித்த பெண்களும் இருமியது ஒரே இருமலைத்தான். அது அமலோற்பவத்தின் இருமல்.

அமலோற்பவம் அந்த நேரத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். நிலைக்கண்ணாடிக் கடைக்குள் தலைவாராமல் நுழைந்துவிட்டவளின் கூச்சம் அவளுக்கு.

எல்லாம் நகல்மணியின் வேலை. மிளகளவுதான் இருக்கும், காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் பதிப்பார்கள். கைதேர்ந்த ஒருவரின் நரம்புப் பழக்கங்களை அப்படியே எடுத்து அதில் அடைத்திருக்கும். யாரிடமிருந்து எடுத்தார்களோ அவருக்கு மூலவர் என்று பெயர். தையலுக்கு ஒரு மூலவர், பல் பிடுங்க ஒரு மூலவர். மன்னார்க் கடலில் மீன் பிடிக்க மூலவர் அமலோற்பவம். அவளிடம் எது திறமை, எது வெறும் பழக்கம் என்று மணி தயாரிக்கும் நகலகத்தாருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை; இருமலையும் சேர்த்தே மணிக்குள் வைத்துவிட்டார்கள். போன நூற்றாண்டில் மனிதர்கள், வென்றவர்கள் எத்தனை மணிக்கு எழுந்தார்கள், வெறும் வயிற்றில் என்ன குடித்தார்கள் என்று தேடித் தேடிப் படித்தார்களாம். நகல்மணி வந்த பிறகு படிக்கிற சிரமமும் நீங்கியது.

அவளுடைய திறமைதான் என்ன? அவளுக்கே விளங்கியதில்லை. அவள் மீனைத் தேடிப் போனதே கிடையாது. ஓரிடத்தில் வள்ளத்தை நிறுத்தி, இடது கையை நீருக்குள் விடுவாள். விரல்நுனியில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு சிலிர்ப்பு ஏறும். சற்று நேரத்தில் ஊளி மீனும் பாறை மீனும் அவள் நின்ற இடத்துக்கே வந்து சேரும். கடல் தன்னோடு பேசுகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. சிறுவயதில் இடது கையால் சோறு அள்ளியதற்கு அம்மாவிடம் வாங்கிய அடிகள் அந்தக் கையில் இன்னும் இருந்தன. அதே கையைத்தான் கடல் தேர்ந்தெடுத்திருக்கிறது என்ற எண்ணம், கொதிக்கும் உலைக்கு அடியில் கங்கு போல, அவளுக்குள் எப்போதும் கனன்றுகொண்டிருந்தது.

அவளுடைய வள்ளத்தின் பெயர் ஸ்தெல்லா. ஸ்தெல்லாவுக்குத்தான் இப்போது நோய். காலையில் பேட்டரி நிறைந்திருக்கும். நண்பகலுக்குள் பாதியாகும். கரை திரும்பும் முன் செத்துவிடும். இரண்டு தரம் பிற வள்ளங்கள் கட்டி இழுத்து வந்தாயிற்று. மூன்றாம் தரமும் இழுபட்டு வந்தால் வள்ளத்தைக் கடலில் இறக்கக்கூடாது என்பது துறைச்சட்டம்.

"மூலவரு வள்ளத்தக் கயிறு கட்டி இழுத்துட்டு வாராவ. வேடிக்கை பாக்கத் துறையே நிக்கி," என்றாள் பிரகாசி. அமலோற்பவத்தின் புருஷனுக்குத் தங்கை. அவன் வேறு நாட்டுக் கப்பலில் வேலைக்குப் போனதிலிருந்து மைனியோடு கடலுக்கு வருகிறவள். நகல்மணி பதித்துக்கொள்ள மறுத்துவிட்டாள். ஒரு வீட்டுக்கு ஓர் இருமல் போதும் என்பது அவள் கட்சி.

"வாய மூடிட்டு மீட்டர எடு ஏளா."

வள்ளத்தின் மூளையைக் கேட்டால், எல்லாம் நலம் என்றது. அது கேட்கும்போதெல்லாம் அப்படித்தான் சொல்லும். இருவரும் தாங்களே தேட ஆரம்பித்தார்கள். கூரையாக விரித்திருந்த வெயில்பாயில் குறையில்லை. சூரியனைக் குடித்து ஒழுங்காக மின்சாரம் தந்தது. பேட்டரி முனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்துத் திருகினார்கள். மறுநாளும் நண்பகலுக்குள் பாதியானது; அது சாகுமுன் கரை திரும்பிவிட்டார்கள். பேட்டரியே கிழடாகிவிட்டதோ என்று அதைக் கழற்றிப் பட்டறையில் பளு ஏற்றிப் பார்த்தார்கள். இரவல் கேட்கும் அளவுக்கு நல்ல பேட்டரி என்றார்கள்.

அமலோற்பவத்துக்கு எரிச்சல் போய் ஆர்வம் வந்துவிட்டது. விளக்கு, மோட்டார், ஆழம் பார்க்கும் ஒலிமானி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பேட்டரிக்கும் வயருக்கும் நடுவே மீட்டரை வைத்தாள். முள் பூச்சியத்தில் படுத்துக் கிடந்தது.

"இங்கன ஒண்ணுமே போகல. கடல்ல மட்டும் போவுது. அங்க என்ன வித்தியாசம்?"

"அங்க நீங்க இருமுவீய."

"ஏட்டி!"

"சரி சரி. அங்க ஐஸ் இருக்கு, வலை இருக்கு, நாம ரெண்டு பேரு இருக்கோம்."

அமலோற்பவம் நிமிர்ந்தாள். "பாரம். எல்லாம் சேந்து ஒரு பாரம்."

பக்கத்து வள்ளத்து மிக்கேல் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். துறையிலேயே கனத்த உடம்பு. கூப்பிட்டு ஸ்தெல்லாவின் இடப்பக்கம் உட்காரச் சொன்னார்கள். அவன் உட்கார்ந்ததும் வள்ளம் ஒரு பக்கம் அமிழ்ந்தது. முள் துள்ளி எழுந்தது.

"எறங்கு மிக்கேலு."

இறங்கினான். முள் விழுந்தது.

"ஏறு."

"யக்கா, நான் என்ன தராசுப் படிக்கல்லா?"

"ஏறுல, புண்ணியமாப் போவும்!"

அவனை உட்காரவைத்துவிட்டுப் பிரகாசி ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கினாள். விளக்குக்குரியது, மோட்டாருக்குரியது, எதைப் பிடுங்கினாலும் முள் அசையவில்லை. மீன்தொட்டிப் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கியதும் அடங்கியது. அந்த வயர் வள்ளத்தின் வெளிப்புறம், இடப்பக்கக் காடிப் பள்ளம் வழியாகக் கீழே இறங்கியது. பித்தளைக் குழாயில் உரசி உரசி, விரல் நீளத்துக்கு மேல்தோல் தேய்ந்து செம்பு பளபளத்தது. வெறும் வள்ளமாக இருந்தால் அந்த இடம் நீருக்கு மேலே இருக்கும். பாரம் ஏறினால் நீருக்குள் போகும். மின்சாரம் கடலில் கசிந்து, சுற்றிவந்து, மோட்டார்ச் சுழலியின் உலோகத்தில் ஏறும்.

"எத்தன வருசமா தேஞ்சிதோ," என்றாள் பிரகாசி. "மொதல்ல ஊசிமுனை கணக்கா இருந்திருக்கும். இப்பதான் பேட்டரிய முழுங்குத அளவுக்கு வாயத் தொறந்திருக்கு."

புது வயர் இழுத்து, உறை மாட்டி, சூடு காட்டி இறுக்கினார்கள். மறுநாள் சாயங்காலம் கரை திரும்பும்போதும் பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. தொட்டியில் மீன்தான் இல்லை.

அதற்கடுத்த நாளும் இல்லை.

மூன்றாம் நாள் நடுக்கடலில் அமலோற்பவம் இடது கையை நீரில் விட்டுக் கண்ணை மூடினாள். நீர் குளிர்ந்திருந்தது. குளிர்ந்த நீர், அவ்வளவுதான். எறும்பு ஊரவில்லை. தலையைச் சாய்த்தாள், ச்சு கொட்டினாள், இருமினாள். தன்னைத்தானே நகலெடுப்பதுபோல் இருந்தது. கேட்டுக்கொண்டே இருந்த குரல் நின்றுபோனால் எழும் அமைதி சாதாரண அமைதி அல்ல. என்ன தப்பு செய்தேன், யாரை நோகப் பேசினேன் என்று மனம் பின்னோக்கி ஓடியது. ஓடிய மனம் ஓரிடத்தில் இடறி நின்றது.

"பிரகாசி, பழைய வயர எங்க வச்ச?"

"தொட்டிக்கடியில. எதுக்கு?"

"எடு. பம்புல மாட்டு. தோல் போன இடத்தத் தண்ணியில விடு."

மாட்டினாள். விட்டாள். அமலோற்பவத்தின் விரல்நுனியில் எறும்பு ஊர்ந்தது. பழைய எறும்பு, அதே சிலிர்ப்பு. கண்ணைத் திறந்து, "கழட்டு" என்றாள். எறும்பு நின்றது. "மாட்டு." வந்தது. பிரகாசியின் கையையும் இழுத்து நீருக்குள் வைத்தாள்.

"கூசுது மைனி!"

நகல்மணி இல்லாத கை அது.

மெல்லிய மின்னோட்டம் நேர்முனையை நோக்கி மீனை இழுக்கும். மீனின் தசையே அதை நீந்த வைக்கும். மீனின் விருப்பத்துக்கு அங்கே இடமில்லை. அமலோற்பவம் பள்ளியில் படித்து மறந்திருந்த பாடம். அரைமணி நேரத்தில் ஊளிக்கூட்டம் வள்ளத்தின் இடப்பக்கம் முண்டியடித்தது. பிரகாசி வலையைத் தூக்கக் கூப்பிட்டாள். அமலோற்பவம் தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருடம் கடலின் குரலென்று நம்பியது பேட்டரி ஒழுகிய ஓசை. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது விசித்திரமான ஒரு லேசு. யாருடைய நகையையோ வெகுகாலம் போட்டுக்கொண்டு திரிந்து, கழற்றிக் கொடுத்ததுபோல.

அப்படியானால் மணி பதித்த மற்றவர்கள்? அவர்கள் விரலில் ஊர்வது அவளுடைய பழுதின் நினைவு. மீன் கிடைத்த நாளில், மணி பேசியது என்பார்கள். கிடைக்காத நாளில், என் மனசு சுத்தமாக இல்லை என்பார்கள்.

சனிக்கிழமை நகலகத்திலிருந்து நிறைமதி வந்தாள். நகல்மணியின் புதிய பதிப்புக்கு அமலோற்பவத்திடம் ஆழ்நகல் எடுக்க வேண்டும். கடற்கரை முழுவதும் அதற்குக் காத்திருந்தது. துறையே கூடியிருந்தது. அமலோற்பவம் பழைய வயரை எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாம் இந்த வயருதான். பேட்டரி கசிஞ்சிது, மீன் வந்துது. ஒங்க வள்ளத்துலயும் பம்பு வயரத் தோல் உரிச்சுத் தண்ணியில விடுங்க, வரும். மணியும் வேண்டாம், மண்ணும் வேண்டாம்."

சொல்லி முடித்ததும் நெஞ்சு படபடத்தது. கல் எறிவார்களோ என்றுகூட நினைத்தாள். மிக்கேல்தான் முதலில் வாய் திறந்தான்.

"பாத்தியளா, இந்தத் தன்னடக்கம் யாருக்கு வரும்!"

"அடக்கம் இல்லல! நெசம்! நீதான வள்ளத்துல உக்காந்த, முள்ளு ஏறுனதப் பாத்தல்லா?"

"பாத்தேன் யக்கா. ஆனா வயரு எல்லாரு வள்ளத்துலயுந்தான் தேயுது. ஒங்க வள்ளத்துல தேஞ்ச வயருக்கு மட்டும் எப்படி மீனு வருது?"

"வேற எவனும் தேயவிடலியே! தேஞ்சதும் மாத்திருதிய!"

"அதான் சொல்லுதேன். தேயவிடணும்னு ஒங்களுக்குத் தோணிச்சுல்லா? அது உள்ளேருந்து வாரது."

பின்னாலிருந்து ஒரு பெண் அந்த வயரில் ஒரு துண்டு வெட்டித் தரமுடியுமா என்று கேட்டாள். பிள்ளையின் கழுத்தில் கட்டத்தானாம். பிரகாசி முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

அமலோற்பவம் நிறைமதியிடம் திரும்பினாள். படித்தவள், இவளுக்காவது விளங்கும். நிறைமதி அவள் கையைத் தன் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். நிறைமதியின் கண் கலங்கியிருந்தது.

"அமலி அம்மா, முதல் பதிப்பில் ஏதோ ஒன்று குறைகிறது என்று எங்களுக்கு ரொம்ப நாளாகத் தோன்றிக்கொண்டிருந்தது. சிலருக்கு மணி ஏன் வேலை செய்யவில்லை என்று இப்போதுதான் புரிகிறது. உங்கள் பணிவை நாங்கள் நகலெடுக்கவே இல்லை."

"நகலே எடுக்காதியன்னு சொல்லுதேன்."

"நீங்கள் பேசத் தொடங்கியதுமே நகலெடுக்கும் கருவியை ஓடவிட்டேன். முழுதும் பதிவாகிவிட்டது," என்றாள் நிறைமதி.

மழைக்காலம் முடிந்து புதிய பதிப்பு வந்தது. விடியும் நேரத்தில் மிதவைத்துறை முழுவதும் கண்ணை மூடி இடது கையைக் கடலுக்குள் விட்டது. தலை சாய்ந்தது. ச்சு, ச்சு. வறட்டு இருமல். அதன்பின், தாடி வைத்த ஆண்களும் பள்ளி முடித்த பெண்களும், நெஞ்சு படபடக்க, ஒரே குரலில் சொன்னார்கள்:

"எனக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாம் இந்த வயருதான்."

எந்த வள்ளத்திலும் எந்த வயரையும் யாரும் தொடவில்லை. உறையெல்லாம் புத்தம்புதிதாக இருந்தன.

ஸ்தெல்லா அவர்களைத் தாண்டி வெளியே போனது. பழைய வயருக்குப் பிரகாசி ஒரு சுவிட்ச் வைத்திருந்தாள். வலை விடும் நேரத்துக்குப் போட்டு, பிறகு அணைத்துவிட்டால் கரை திரும்பப் பேட்டரியும் மிஞ்சும், தொட்டியும் நிறையும். துறை கண்ணுக்கு மறைந்ததும் வள்ளத்தை நிறுத்தினார்கள். கடல் தகடாகக் கிடந்தது.

அமலோற்பவம் விளிம்பில் குந்தினாள். கண்ணை மூடினாள். இடது கை முழங்கை வரை நீருக்குள் இறங்கியது. தலை வலப்பக்கம் சாய்ந்தது. எதற்கோ காத்திருந்தாள். வெகுநேரம்.

"மைனி," என்றாள் பிரகாசி. "சுவிட்சு இங்கன இருக்கு."